பாலாற்றுத் தோலும் மெருகு இயந்திரமும்

பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டி வாலாஜாப்பேட்டை, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் பதனிடுதலின் வரலாறாகவே, அதாவது ஆவாரம்பட்டை, சுண்ணாம்புக் குழி, குரோமிய உப்பு, மாசுபட்ட ஆறு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் அழுகாமல் காக்கப்பட்ட தோலுக்கும் கடையில் விலைபோகும் காலணிக்கும் இடையிலுள்ள மதிப்பு வேறுபாட்டில் பெரும்பகுதி பதனிடும் குழியில் உண்டாவதில்லை. தோலின் மேற்பரப்பைத் திருத்தி, நிறமேற்றி, தேய்த்து மெருகிடும் கடைசிக் கட்டத்தில்தான் அது உண்டாகிறது. தொழிலாளர்கள் ஃபினிஷிங் என்று வழங்கும் இக்கட்டம் கைத்திறனோடு இயந்திரத்தையும் சம அளவில் நம்பி நிற்பது. எந்தத் தோலுக்கு எந்த மெருகு இயந்திரம் பொருந்தும் என்ற கேள்வி இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எழாமலே இருந்ததும், 1970களில் அது ஒரே வீச்சில் எல்லா முதலாளிகளின் முன்னும் வந்து நின்றதும், அதற்குக் கிடைத்த விடைகள் தோலின் தரத்தையும் தொழிலாளியின் உடல்நிலையையும் மாற்றியதும் தனியாகச் சொல்லப்பட வேண்டிய செய்திகளாகும்.

பழைய வடாற்காடு மாவட்டம் தோல் தொழிலுக்கு இடமானதற்குக் காரணங்கள் பல ஒன்றுசேர்ந்தன. வறண்ட தரிசுகளில் தானே வளரும் ஆவாரஞ்செடியின் பட்டையும், ஜவ்வாது மலைப் பகுதியின் கடுக்காயும் துவர்ப்பொருளைத் தந்தன. ஆற்று மணலுக்கடியில் ஊறிய நீர் எளிதில் கிடைத்தது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கி, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சோலையார்பேட்டையை எட்டிய இரயில் பாதை, சென்னைத் துறைமுகத்தையும் பெரியமேட்டுத் தோல் மண்டிகளையும் அருகில் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னைப் பகுதியின் பதனிடு முறையைச் சீராக்கியவர் என்று புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் தெ சூசா என்பவரின் பெயர் சொல்லப்படுகிறது. அவ்வாறு சீரான முறையில் உருவான தோல் உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்றும், சுருக்கமாக இ.ஐ. என்றும் பெயர்பெற்றது.

இ.ஐ. தோலின் செய்முறையை இங்கே நினைவுகூர்வது தேவை. ஏனெனில் அது எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதில்தான் இவ்வரலாறு தொடங்குகிறது. உப்பிட்டு வந்த தோல் நீரில் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்புக் குழியில் மயிர் தளர்ந்து, வளைந்த மரப்பலகையின் மேல் கத்தியால் மயிரும் சதையும் சீவப்பட்டு, ஆவாரம்பட்டைச் சாற்றில் வலுக் குறைந்த குழியிலிருந்து வலு மிகுந்த குழிக்குப் படிப்படியாக நகர்த்தப்பட்டு, இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் இடப்பட்டது. அதன்பின் எண்ணெய் தடவி, கல் அல்லது பித்தளைத் தகட்டால் சுருக்கம் நீங்கத் தேய்த்து நீட்டி, நிழலில் உலர்த்தினால் வெளிர்மஞ்சள் நிறமுள்ள மென்தோல் கிடைத்தது. அத்தோடு வேலை முடிந்தது. சாயம் ஏற்றுவதோ, மேற்பூச்சு இடுவதோ, மெருகு தேய்ப்பதோ பாலாற்றங்கரையில் நடக்கவில்லை. தோல் கட்டுகள் கப்பலேறி இலண்டனில் ஏலம் விடப்பட்டன. பெர்மாண்ட்சி போன்ற தோல் பகுதிகளின் பட்டறைகள் அவற்றை வாங்கி, மீண்டும் பதனிட்டு, சாயமிட்டு, மெருகேற்றிக் காலணியின் மேற்தோலாகவும் உள்தோலாகவும் புத்தக அட்டையாகவும் விற்றன.

இப்பிரிவினைக்கு இந்நாட்டவரின் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்லும் பழைய அலுவலர் கருத்து ஏற்கத்தக்கதன்று. அரைப்பதனிட்ட தோலை வரியின்றியோ குறைந்த வரியிலோ உள்ளே விட்டு, முழுமையாக்கப்பட்ட தோலுக்கு மட்டும் கூடுதல் வரி விதிப்பது தொழில்வள நாடுகளின் நெடுநாள் வழக்கம். மேலும், மெருகின் சாயலும் நிறமும் ஐரோப்பிய உடைப் பாணியோடு பருவத்துக்குப் பருவம் மாறுபவை. மாறும் பாணியைக் கப்பல் தபாலில் அறிந்து ஆறு மாதம் கழித்துச் சரக்கு அனுப்பும் ஊர், அப்பாணிக்கேற்ற இயந்திரத்தில் பணம் போடத் துணிவதற்கில்லை. எனவே மெருகு இயந்திரம் வாங்காதது அக்காலத்து வணிகர்களின் கணக்கில் சரியான முடிவே. அந்தக் கணக்கை அவ்வாறு அமைத்த சந்தையின் அமைப்பே குறை சொல்லத்தக்கது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் மெருகுத் தொழில் இயந்திரமயமாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் குரோமிய உப்பால் தோல் பதனிடும் இருகட்ட முறைக்குக் காப்புரிமை பெற்றார்; மார்ட்டின் டென்னிஸ் 1893-இல் அதை ஒரே கட்டமாகச் சுருக்கினார். ஃபிலடெல்ஃபியாவின் ராபர்ட் ஃபோர்டரர் குரோமியத்தால் பதனிட்ட ஆட்டுத்தோலைக் கண்ணாடிபோல் மின்னச் செய்து விசி கிட் என்ற பெயரில் விற்றார். கிளேஸ்டு கிட் என்ற இவ்வகைப் பளபளப்பு ஆட்டுத்தோல் உலகெங்கும் பெண்களின் காலணிக்கு விரும்பப்பட்டது. அதற்கு வேண்டிய ஆட்டுத்தோலில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து, சென்னைத் துறைமுகம் உட்பட, சென்றது. வடாற்காட்டில் மேய்ந்த ஆட்டின் தோல் டெலவேர் ஆற்றங்கரையில் மெருகேறியது என்பது வெறும் ஒப்பனைப் பேச்சன்று.

அம்மெருகைத் தந்தது கிளேசிங் இயந்திரம். உயரத்தில் பொருத்தப்பட்ட ஒரு மரக்கை, விசையால் இயங்கி, ஊசல் ஆடுவதைப் போல முன்னும் பின்னும் விரைந்து வீசும்; அதன் நுனியில் சுழலாத கண்ணாடி உருளையோ அகேட் கல் உருளையோ இறுக்கப்பட்டிருக்கும்; கீழே தோல்பட்டை போர்த்திய சாய்வான படுகை இருக்கும். அப்படுகையில் விரித்த தோலின்மேல் உருளை மிகுந்த அழுத்தத்தோடு உரசிச் செல்லும்போது எழும் வெப்பம் மேற்பூச்சை இறுக்கி, தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களை அமர்த்தி, ஒளியைச் சிதறவிடாத சமதளமாக்குகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே தொழிலாளி தோலைக் கையால் விரலளவு நகர்த்த வேண்டும். நகர்த்துவது தாமதித்தால் அவ்விடம் சூடேறிக் கருகும்; விரைந்தால் மெருகு படாத கோடு நிற்கும். ஆகவே கிளேசிங் இயந்திரத்தின் பாதி, அதன் முன் நிற்கும் மனிதரின் மணிக்கட்டில் இருந்தது.

இந்த இயந்திரத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது அதற்கான மேற்பூச்சு. தொழிலில் சீசன் என்று வழங்கும் அக்கலவையில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன், முட்டையின் வெண்கரு, இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் ஆகிய புரதங்களே முதன்மையானவை. புரதப் பூச்சு உராய்வு வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இறுகி மின்னும். பின்னாளில் வந்த செயற்கைப் பிசின் பூச்சுகளில் பலவும் அதே வெப்பத்தில் இளகி உருளையோடு இழுபட்டுவிடும். தோல் எதனால் பதனிடப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். நனைந்த நிலையில் சூடாக்கும்போது, பட்டையால் பதனிட்ட தோல் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசில் சுருங்கத் தொடங்கும். நன்கு குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். குரோமியத் தோல் மெருகு இயந்திரத்தின் அழுத்தத்தையும் விரைவையும் கூடுதலாகத் தாங்கியதற்கு இதுவே அடிப்படை. மெருகு இயந்திரத்தைத் தேர்வது என்பது இரும்பு வாங்கும் செயல் மட்டுமன்று. பதனிடு முறை, பூச்சு, வெப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேர்வதாகும்.

சென்னை மாகாணம் இம்மாற்றத்தை அறியாமல் இருக்கவில்லை. பொறியியல் பேராசிரியராக வந்து அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இல் குரோமியப் பதனிடலைச் சோதனை செய்யத் தொடங்கினார். நீரில் எளிதில் அழியாத அத்தோல், கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைச் சால்களுக்கும் செருப்புகளுக்கும் பயன்பட்டது. அரசே தொழில் நடத்துவதை இந்தியாவுக்கான அமைச்சர் மோர்லி பிரபு 1910-இல் ஏற்க மறுத்ததால் அம்முயற்சி தடைப்பட்டது. 1912-இல் பல்லாவரத்தை அடுத்து நிறுவப்பட்ட குரோம் லெதர் கம்பெனி அவ்விடத்துக்குக் குரோம்பேட்டை என்ற பெயரையே தந்தது; 1915-இல் சென்னையில் தோல் தொழிற்பள்ளி தொடங்கியது. சாட்டர்டனின் முயற்சி இன்னும் பத்தாண்டுகள் தொடர விடப்பட்டிருந்தால் மெருகுத் தொழில் இந்நாட்டில் முன்னரே வேர்கொண்டிருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் பாலாற்று வட்டாரத்தின் பெருந்தொழில் இ.ஐ. தோலிலேயே நிலைத்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் காலணி மேற்தோலுக்கு இ.ஐ. மாட்டுத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டதும், போருக்குப் பின் 1919-இல் பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டதும் பதனிடலை ஊக்குவித்தனவே தவிர, மெருகுப் பணியை ஊருக்குள் கொண்டுவரவில்லை.

அக்காலத்து வருவாய் வேறொரு வகையில் இம்மண்ணில் தங்கியது என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் எழுந்ததும், மேல்விஷாரத்தில் 1965-இல் தொடங்கிய கல்லூரி தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கியதும் தோல் வணிகம் கல்விக்குத் திரும்பிய வழிகள். இயந்திரத்துக்குச் செல்லாத பணம் பள்ளிக்கூடங்களுக்குச் சென்றது.

போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மெருகின் வேதியியலில் நிகழ்ந்த ஒரு மாற்றம் தோலையும் மோட்டார் காரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. வெடிமருந்துத் தொழிலோடு தொடர்புடைய நைட்ரோசெல்லுலோஸ், டுபான்ட் நிறுவனத்தின் டூக்கோ வண்ணப்பூச்சாக 1920களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் இடம்பெற்றது. அதே பொருளின் கரைசல் தோலுக்கும் மேற்பூச்சாயிற்று. கார்களில் இப்பூச்சு உலர்ந்தபின் மின்னுவதற்குத் தேய்த்து மெருகிட வேண்டியிருந்தது; அதற்காக ஆட்டு மயிர் நிற்கும் தோலாலும் கம்பளியாலும் ஆன தேய்ப்புத் தட்டுகள் சுழல் இயந்திரங்களில் பூட்டப்பட்டன. கார் வண்ணத்தைத் திருத்துவோர் இன்றும் கேட்பது ஒரே அச்சில் சுழலும் இயந்திரமா, சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அலையும் இயந்திரமா என்பதைத்தான். முன்னது விரைந்து வெட்டும், ஆனால் ஓரிடத்தில் வெப்பத்தைக் குவித்து வண்ணத்தைக் கருக்கவும் வட்டக் கோடுகளைப் பதிக்கவும் கூடும். பின்னது மெல்ல வெட்டும், ஆனால் ஒரு கீறலின் மேலேயே மறு கீறல் விழாதபடி பார்த்துக்கொள்ளும். தோல் தொழிலின் பஃபிங் இயந்திரமும் இதே தத்துவத்தில் அமைந்தது. உப்புத்தாள் சுற்றிய உருளை சுழலும்போதே தன் அச்சு நெடுக இடமும் வலமுமாக அலைவதால், தாளின் ஒரு கரடான மணி தோல் நெடுக ஒரே கோட்டைக் கிழிக்காது. உலோகத் தகட்டின்மேல் படிந்த வண்ணத்துக்கும் உயிரிழந்த விலங்கின் தோலுக்கும் ஒரே விடை பொருந்தியதற்குக் காரணம், இரண்டிலும் தேய்க்கத்தக்க படலம் மிக மெல்லியது என்பதே.

விடுதலைக்குப்பின் 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராயிருந்த ஒய். நாயுடம்மா, ஆய்வுக்கூடத்துக்கும் பதனிடுவோருக்கும் இடையிலிருந்த தொலைவைக் குறைப்பதையே தம் பணியின் மையமாகக் கொண்டார். எனினும் 1970களின் தொடக்கம் வரை பாலாற்று வட்டாரம் இ.ஐ. தோலையும், வெட் புளூ எனப்படும் குரோமியம் ஏறிய நீலநிற ஈரத்தோலையும் பெருமளவில் வெளியே அனுப்பியது. 1972-இல் அமைந்த சீதாராமையா குழு அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலையும் தோல் பொருளையும் ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. 1973 முதல் அரைப்பதனிட்ட தோலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு வந்தது. அதுவரை தலைமுறை தலைமுறையாகக் குழியின் நிறத்தைப் பார்த்தே தரம் சொன்ன முதலாளிகள், இப்போது இத்தாலியிலும் ஜெர்மனியிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் இருந்து வந்த இயந்திரப் பட்டியல்களின் முன் உட்கார வேண்டியவர்கள் ஆனார்கள். வாய்ப்புக் கிடைத்தது, ஆனால் பழகிப் பார்த்துத் தேரும் காலம் கிடைக்கவில்லை.

அவர்கள் முன் நின்ற இயந்திரங்கள் தொழிலால் நான்கு வகைப்பட்டன. கிளேசிங் இயந்திரம் மேலே விளக்கப்பட்டது. பஃபிங் இயந்திரம் தோலின் மேற்பரப்பை உப்புத்தாளால் சுரண்டிக் குறைகளை நீக்குவது. முதலில் 180 போன்ற கரட்டுத் தாளும் பின்னர் 320, 400 போன்ற நுண்தாளும் இடப்பட்டு, இறுதியில் தூசு தட்டும் இயந்திரம் துகளை அகற்றும். பாலிஷிங் இயந்திரம் கல் அல்லது ஃபெல்ட் உருளை சுழன்று தோலைத் தேய்ப்பது. தோலில் உள்ள கொழுப்பையும் மெழுகையும் மேலே கொணர்ந்து ஆழ்ந்த நிறத்தைத் தரும். பிளேட்டிங் பிரஸ் சூடான எஃகுத் தகட்டை ஹைட்ராலிக் அழுத்தத்தால் தோலின்மேல் பதிப்பது; தகடு வழவழப்பானதாயின் பளபளப்பும், சித்திரம் வெட்டியதாயின் முதலைத்தோல் போன்ற அச்சும் கிடைக்கும்.

இவற்றுள் தேர்வை முதலில் முடிவு செய்தது விலங்கின் அளவு. ஆட்டுத்தோல் சில சதுர அடியே இருப்பதால் கிளேசிங் கையின் குறுகிய வீச்சுக்கும் ஒரு மனிதரின் கைக்கும் அடங்கும். முதுகெலும்பு நெடுக இரண்டாக வெட்டப்பட்ட மாட்டுத்தோலின் பாதியே அதற்குப் பெரிது, அதற்கு அகன்ற உருளையும் தகடும் வேண்டும். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஒரே கூரையின்கீழ்ச் செய்ய விரும்பியவர் இரண்டு வகை இயந்திரத்துக்கும் முதல் போட வேண்டியிருந்தது. முடியாதவர் ஒன்றையே பற்றிக்கொண்டார். அடுத்துத் தேர்வை முடிவு செய்தது தோலின் காயம். இந்நாட்டுக் கால்நடையின் தோல் முள்வேலியின் கீறலையும், தார்க்குச்சியின் குத்தையும், நுகத்தடியின் காய்ப்பையும், உண்ணி கடித்த புள்ளியையும், அம்மைத் தழும்பையும், நோய்க்கும் அடையாளத்துக்கும் இட்ட சூட்டையும், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டையும் சுமந்தே பதனிடுமிடத்துக்கு வருகிறது. கிளேசிங் இயந்திரம் இவற்றை மறைப்பதில்லை. ஒளியை ஒழுங்காகத் திருப்பி அனுப்பும் பளபளப்பில் சிறு கீறலும் தெளிவாகத் தெரியும். ஆகவே அது குறையற்ற தோலுக்கே உரியது. காயப்பட்ட தோலுக்குப் பஃபிங்கும், அதன்மேல் நிறமிகள் கலந்த தடித்த பூச்சும், பிளேட்டிங் பிரஸ்ஸின் செயற்கை அச்சும் விடையாயின. இவ்வாறு மேற்பரப்பு சுரண்டித் திருத்தப்பட்ட தோல் வணிகத்தில் கரெக்டட் கிரெய்ன் எனப்பட்டது.

பஃபிங் இயந்திரத்தின் பரவல் வட்டாரத்தைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. முன்னர் உள்தோலாகவோ கழிவாகவோ விலைபோன தோலையும் மேற்தோலாக்கி, 1973-இன் கட்டளையை நிறைவேற்றும் வழியை அது திறந்தது. ஆனால் பஃபிங்கைப் பொதுவிதியாக்கியது பெரும் இழப்பையும் தந்தது. தோலின் அழகு மிகச் செறிந்திருப்பது கிரெய்ன் எனப்படும் மேற்படலத்தில்தான். அங்கேதான் மயிர்த்துளைகளின் வரிசையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரிய தனி அமைப்பும் உள்ளன. உப்புத்தாள் அதை ஒருமுறை நீக்கினால் எந்த இயந்திரமும் திருப்பித் தராது. கண்டிப்பாகத் திருத்த வேண்டிய தோலுக்கும் சற்றே தொட்டால் போதும் என்ற தோலுக்கும் இடையே வேறுபாடு காணும் கண் இல்லாத இடத்தில், எல்லாக் கட்டும் ஒரே தாளின்கீழ்ச் சென்றது. மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அப்பொருளைத் தோல் என்றே அழைக்கக் கூடாது என்று ஐரோப்பியத் தரநிலை வரம்பு விதிப்பது, திருத்தம் எல்லை மீறும்போது தோலே மறைந்துவிடும் என்ற உண்மையை ஒப்புக்கொள்வதாகும். தொழிலின் மூத்தோர் சுரண்டுவதைக் குறைத்து, மெல்லிய நுண்தாளால் மேலோட்டமாகத் தொடுவதையும், குறையைத் தழுவும் பூச்சைப் பயன்படுத்துவதையும் விரும்பியது அறிவுடைய வழி.

காயத்தின் தோற்றுவாய் இயந்திரத்துக்கு வெகு முன்னால் உள்ளது என்பதும் இங்கே எழும் மற்றொரு கருத்து. உரிக்கும் கத்தியின் வெட்டு, உப்பிடத் தாமதித்ததால் கசிந்த அழுகல், சூட்டுக்கோலின் வடு ஆகியவை கிராமத்திலும் வெட்டுமிடத்திலும் நிகழ்பவை. அங்கே சிறிது கவனம் செலவிட்டால் இங்கே ஓர் இயந்திரத்தின் விலையே மிச்சமாகும். மெருகு இயந்திரத்தில் போட்ட பெரும் முதலோடு ஒப்பிடும்போது, உரிப்போருக்குப் பயிற்சியும் நல்ல விலையும் தருவதில் போட்ட முதல் மிகக் குறைவாகவே இருந்தது. அத்தொழிலைச் செய்தோர் சமூகத்தின் விளிம்பில் தள்ளப்பட்டவர்களாயிருந்தது இப்புறக்கணிப்போடு தொடர்பில்லாததன்று.

இயந்திரத் தேர்வின் விலையைத் தொழிலாளரின் உடலும் தந்தது. பதனிடும் பணியின் ஈரப்பகுதியில் தலித் தொழிலாளர்கள் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக் குழியிலும் சீவும் பலகையிலும் உழைத்தனர். மெருகுப் பகுதி உலர்ந்தது, கூலி கூடுதலானது, ஆகவே அதற்கு மாறுவது மேலேறுதலாகக் கருதப்பட்டது. கிளேசிங் கையின் முன்னே நின்றவர் பேரிரைச்சலையும் விரல் நசுங்கும் அபாயத்தையும் தாங்கினார். எனினும் அவருடைய திறன் எளிதில் மாற்றீடு செய்ய முடியாததாயிருந்ததால் அவருக்கு மதிப்பிருந்தது. பஃபிங் இயந்திரத்தின் முன்னே நின்றவருக்கு அம்மதிப்பு குறைந்தது. மாறாக, குரோமியம் கலந்த நுண்தூசு அவர் நுரையீரலுக்குச் சென்றது. தூசை உறிஞ்சும் குழாயும் பிடித்துவைக்கும் அறையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை; அவற்றை விட்டுவிட்டு உருளையை மட்டும் வாங்கியது மலிவான கொள்முதல் அன்று, செலவைத் தொழிலாளியின் மேல் ஏற்றிய கொள்முதல்.

1980களில் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகள் பெருகி, தோல் செய்த ஊரே காலணியும் செய்யும் நிலை வந்தது. அவ்வாண்டுகளில் தொடங்கிய சென்னைச் சர்வதேசத் தோல் கண்காட்சி, இயந்திரம் விற்போரையும் வாங்குவோரையும் ஆண்டுதோறும் நேர்கொள்ளவைத்தது. இதனால் தேர்வின் அதிகாரம் மெல்ல இடம்மாறியது. ஐரோப்பியக் காலணி நிறுவனம் ஒரு மாதிரித் துண்டை அனுப்பி, அதன் மென்மை, நிறம், மினுக்கம், மடித்தால் விழும் சுருக்கம் ஆகியவற்றை வரையறுக்கும். அதற்குப் பொருந்தும் இயந்திர வரிசையைப் பதனிடுவோர் அமைத்துக்கொள்ள வேண்டும். உயர்பளபளப்பை விட்டு மென்மையான மங்கல் மெருகை வாடிக்கையாளர் விரும்பியபோது பாலியூரித்தேன் பூச்சும், பூச்சைச் சீராகத் தடவும் ரோலர் இயந்திரமும், தோலைத் தொடர்ந்து உள்ளிழுத்து அழுத்தும் உருளை அயனிங் இயந்திரமும் முன்னுக்கு வந்தன. ஒருவர் கையால் நகர்த்தும் கிளேசிங் கைகள் பல கூடங்களில் மூலைக்குச் சென்றன.

ஐரோப்பியச் சட்டம் இயந்திரத்தின் மறுபக்கமான பூச்சையும் மாற்றியது. ஜெர்மனி 1989-இல் பென்டாகுளோரோஃபீனாலையும், 1994-இல் தீங்கு விளைவிக்கும் சில அசோ சாயங்களையும் தடை செய்தபோது, இங்கே பழகிய வேதிப்பொருள்கள் பல ஒரே பருவத்தில் பயனற்றுப்போயின. புரதப் பூச்சை நீர்படாதபடி இறுக்கப் பயன்பட்ட ஃபார்மால்டிஹைடுக்கும் வாங்குவோர் வரம்பு விதித்தது, கிளேசிங் முறைக்குப் புதிய இறுக்கிகளைத் தேட வைத்தது. உள்நாட்டில் வந்த தீர்ப்பு இன்னும் ஆழமானது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைவதையோ சொந்த நிலையம் அமைப்பதையோ கட்டாயமாக்கியது. பாலாற்றின் சேதம் அதோடு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்றின் சீரமைப்பையும் குறித்து மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. நீரைக் கெடுப்பதில் பெரும்பங்கு ஈரப்பணிக்கு என்பதால், அப்பணியை வேறிடத்தில் முடித்த வெட் புளூவையோ, உலர்ந்து சாயமேறிய கிரஸ்ட் தோலையோ வாங்கி மெருகு மட்டும் இடும் கூடங்கள் இன்று இவ்வட்டாரத்தின் ஒரு பகுதி. பதனிட்டு மெருகை வெளியே விட்ட ஊர், பதனிடுதலை வெளியே விட்டு மெருகைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நிலைக்கும் வந்தது.

இதற்கிடையே இ.ஐ. தோல் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று அது பெரும்பாலும் திருச்சி, திண்டுக்கல் பகுதிகளில் செய்யப்படுகிறது. பட்டைச்சாறு ஏறிய தோல் கையால் தேய்த்தாலே மெருகேறும் தன்மையது; நாள்பட்ட பயன்பாட்டில் நிறம் ஆழ்ந்து பளபளப்பும் கூடும். கைப்பைகளையும் புத்தக அட்டைகளையும் கையால் செய்வோருக்கு உதவுவது அத்தோலின் திருத்தப்படாத மேற்பரப்பே. அதன்மேல் பஃபிங் தாள் படக் கூடாது, பிசின் பூச்சு ஏறக் கூடாது. அத்தகைய தோலுக்கு மிதமான அழுத்தத்தில் இயங்கும் கிளேசிங் கையோ, ஃபெல்ட் உருளை பூட்டிய பாலிஷிங் இயந்திரமோ, இரண்டுமின்றிப் பித்தளைத் தகடோ போதும் என்பதால், மூலையில் நிறுத்திய பழைய கிளேசிங் இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட்டத் தெரிந்த தொழிலாளருக்கு இன்றும் வேலை உண்டு. கருகாமல் தோலை நகர்த்தும் அக்கைப்பழக்கத்தை அடுத்தவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடுதான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இன்னும் போதிய அளவில் அமையவில்லை.